செல்ஃப் அடித்தால் சத்தம்: பழைய கிளாசிக், புல்லட் வண்டிகளில் கோளாறு எங்கே?

ராயல் என்ஃபீல்டின் யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது) வண்டிகளுக்காக எழுதுகிறேன். 2009-இல் வந்த கிளாசிக் 350, கிளாசிக் 500, அதே இன்ஜின் போட்ட புல்லட், எலக்ட்ரா, தண்டர்பேர்ட் எல்லாம் இதில் அடங்கும். திருவொற்றியூரிலும், 2013 முதல் ஒரகடத்திலும் உருவாகி வந்த இந்த வண்டிகளில் பல இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350-இன் இன்ஜின் முற்றிலும் வேறு. அதற்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இந்த வண்டிகளில் செல்ஃப் அடிக்கும்போது வரும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் நேராக இன்ஜினின் இடது பக்கக் கவரைக் கழற்றுவதுதான் பணத்தை வீணாக்கும் வழி. "ஒன்வே போயிடுச்சு சார்" (செல்ஃபின் ஒருவழி கிளட்ச் போய்விட்டது) என்று சொல்லிக் கவரைத் திறந்த பிறகு, பேட்டரி டெர்மினல் லூஸாக இருந்தது தெரியவந்தால் என்ன செய்வது? பேக்கிங் போச்சு, ஆயில் போச்சு, ஒரு நாள் கூலியும் போச்சு.

முதலில் பாதையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தினால் ஒரு சின்ன மின்சாரம் ரிலேவுக்குப் போகும். ரிலே உள்ளே ஒட்டிக்கொண்டு, பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரை மோட்டாரோடு இணைக்கும். மோட்டார் சுற்றும். அதன் பல், இடையில் உள்ள பல்சக்கரத்தின் வழியாக, மேக்னட்டின் (இன்ஜினோடு சேர்ந்து சுழன்று மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பின்பக்கம் இருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். அந்தப் பல்சக்கரத்துக்கும் மேக்னட்டுக்கும் நடுவில்தான் ஸ்பிராக் கிளட்ச் இருக்கிறது. பட்டறைகளில் ஒன்வே என்று சொல்வது இதைத்தான். மோட்டார் சுற்றும்போது ஸ்பிராக் இறுகிப் பிடித்து கிராங்கை (பிஸ்டனை ஏற்றி இறக்கும் முக்கிய ஷாஃப்ட்) சுற்றவைக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கி வேகம் எடுத்ததும் தானாக விட்டுவிடும்.

காரில் மோட்டாரின் பல் முன்னே பாய்ந்து ஃப்ளைவீலைக் கடிக்கும், வேலை முடிந்ததும் பின்வாங்கும். இந்த வண்டிகளில் அப்படி இல்லை. பற்கள் எப்போதுமே ஒன்றோடொன்று கோத்தபடிதான் இருக்கின்றன. அதனால் கார் மெக்கானிக் சொல்லும் "பல் சரியா போய்க் கடிக்கல" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

சோதனை தொடங்குமுன் ஒரு வேலை. வோல்டேஜ் பார்க்கும்போது இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக் கூடாது. பிளக் கேப்பைக் கழற்றி, அதில் ஒரு பழைய பிளக்கைச் சொருகி, அதன் உலோகப் பகுதி இன்ஜினில் நன்றாகத் தொடும்படி கட்டிவையுங்கள். இரண்டு பிளக் உள்ள வண்டியானால் இரண்டுக்கும் இதையே செய்யுங்கள். கேப்பை அந்தரத்தில் தொங்கவிட்டுச் செல்ஃப் அடித்தால் இக்னிஷன் காயிலும் இக்னிஷன் யூனிட்டும் பாழாகலாம். வண்டி நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிற்கட்டும்.

சத்தமே இல்லை

இது சீக்கிரம் முடிகிற விஷயம். கில் ஸ்விட்ச், ஃப்யூஸ், பட்டன், கிளட்ச் லீவரில் உள்ள ஸ்விட்ச் என்று வரிசையாகப் பாருங்கள். கிளட்ச் லீவரைப் பிடித்தபடி அடித்தால் வேலை செய்கிறது, விட்டால் இல்லை என்றால் நியூட்ரல் ஸ்விட்ச் பக்கம் போகலாம். மழையில் நனைந்த மறுநாள் இந்தப் பிரச்சினை வந்தால் பட்டன் ஸ்விட்சுக்குள் பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துப் பதினைந்து முறை அழுத்திவிடுங்கள். ரிலேவுக்கு வரும் சின்ன வயரில் பட்டனை அழுத்தும்போது 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால், கோளாறு ரிலேவுக்கு முன்னாலா பின்னாலா என்பது தெரிந்துவிடும்.

"டக டக டக டக" என்று வேகமாகத் துடிக்கும் சத்தம்

ரிலே ஒட்டுகிறது, மோட்டார் மின்சாரத்தை இழுக்கிறது, வோல்டேஜ் சரிகிறது, ரிலே விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடியும் ஒட்டுகிறது. இந்தச் சுழற்சிதான் அந்தத் துடிப்பு. பத்தில் ஒன்பது முறை பேட்டரிதான் காரணம், அல்லது அதன் டெர்மினல்.

மல்டிமீட்டரை பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வையுங்கள். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஆனால் இந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வயதான பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 காட்டிவிட்டு, பட்டனைத் தொட்டதும் 7-க்கு விழும். மீட்டரைப் பார்த்தபடியே செல்ஃப் அடியுங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் நின்றால் நல்லது. 9.6-க்குக் கீழே சரிந்தால் சார்ஜ் போட்டு மறுபடியும் பாருங்கள்; முழு சார்ஜிலும் அப்படியே சரிந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்.

புது பேட்டரி போடுமுன் அது ஏன் இறங்கியது என்பதையும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் பேட்டரி முனையில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். வரவில்லை என்றால் மேக்னட் காயில் அல்லது ரெகுலேட்டர். வந்தும் பேட்டரி இறங்குகிறது என்றால் தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற பழக்கமாக இருக்கலாம். ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க அந்தத் தூரம் போதாது.

ஒரே ஒரு "டக்", அப்புறம் அமைதி

ரிலே ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் மோட்டார் அசையவில்லை. ஹெட்லைட் போட்டுக்கொண்டு அடித்துப் பாருங்கள். வெளிச்சம் மங்கி அணையப்போனால் மின்சாரம் எங்கோ போகிறது: பேட்டரி பலவீனமாக இருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். வெளிச்சம் அப்படியே இருந்தால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவே இல்லை. ரிலேயின் உள் கான்டாக்ட் கருகியிருக்கலாம், தடித்த வயரின் முனை கழன்றிருக்கலாம், மோட்டாரின் உள்ளே மின்சாரத்தைக் கொண்டுசேர்க்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து போயிருக்கலாம்.

எது என்று கண்டுபிடிக்க வோல்டேஜ் இழப்பை அளப்பதுதான் நேர்மையான வழி. மீட்டரின் சிவப்பு முனை பேட்டரியின் பிளஸ் முனையில், கறுப்பு முனை மோட்டாரின் டெர்மினலில். பட்டனை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ தடை. அடுத்து ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில் அதே சோதனை. இங்கேயே 0.3-க்கு மேல் போனால் ரிலேயை மாற்றுங்கள். அப்புறம் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் மோட்டாரின் உடம்புக்கும் நடுவில் பாருங்கள். இங்கே 0.3-க்கு மேல் காட்டினால் எர்த் வயர் குற்றவாளி. மீட்டர் முனையை வயரின் கிளாம்ப்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயத் தூணிலேயே வையுங்கள். கிளாம்ப்புக்கும் தூணுக்கும் நடுவிலேயே கோளாறு இருந்தால் அப்போதுதான் தெரியும்.

எர்த் வயரை யாருமே பார்ப்பதில்லை. வண்டிக்கு பெயின்ட் அடித்தவர், பவுடர் கோட்டிங் போட்டவர் எல்லாம் எர்த் போல்ட் உட்காரும் இடத்தையும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். அழகுபடுத்திய வண்டியில் செல்ஃப் மக்கர் செய்தால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதைத்தான். அந்த இடத்தை மட்டும் சுரண்டி உலோகம் தெரியும்படி செய்து, போல்ட்டை இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவிவிடுங்கள்.

மோட்டாரை ஸ்பேனரால் தட்டினால் சுற்றும் என்ற பழைய வித்தை ஒன்று இருக்கிறது. தேய்ந்த பிரஷ் ஒருமுறை ஒட்டிக்கொண்டு சுற்றவும் செய்யும். ஆனால் இந்த மோட்டார்களில் காந்தங்கள் உள்சுவரில் ஒட்டப்பட்டவை. ஓங்கித் தட்டினால் அவை விரிசல் விட்டுவிடும். தட்டாதீர்கள்.

"உய்ய்ங்" என்று மோட்டார் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை

இதுதான் எல்லோரும் பயப்படும் சத்தம். மோட்டார் சுதந்திரமாக, வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஸ்பிராக் பிடிக்காமல் வழுக்குகிறது.

உடனே முடிவுக்கு வர வேண்டாம். எப்போதெல்லாம் வழுக்குகிறது என்று கவனியுங்கள். காலையில் முதல் தடவை மட்டும் வழுக்கி, அடுத்த அழுத்தலில் பிடித்துக்கொண்டால் ஆயிலைச் சந்தேகப்படலாம். இந்த இன்ஜினில் கிராங்க், கியர்பாக்ஸ், கிளட்ச், ஸ்பிராக் எல்லாம் ஒரே ஆயிலில்தான் நனைகின்றன. கம்பெனி சொல்வது 15டபிள்யூ-50 (ஆயிலின் தடிப்பைச் சொல்லும் எண்), அதுவும் ஜாசோ எம்ஏ (ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள பைக்குக்கான) தரம். பல கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். அவை கிளட்ச் தட்டுகளையும் ஸ்பிராக்கையும் சேர்த்தே வழுக்கவைக்கும். ஆயிலும் ஃபில்டரும் மாற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். கவரைத் திறப்பதைவிட இது மலிவு.

சரியான ஆயிலிலும் அடிக்கடி வழுக்கினால், சூட்டிலும் வழுக்கினால், கவரைத் திறக்க வேண்டியதுதான். உள்ளே மேக்னட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு, பின்னால் உள்ள ஸ்டார்ட்டர் பல்சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். ஒரு பக்கம் தடையில்லாமல் சுற்ற வேண்டும். மறுபக்கம் திருப்பியதும் உடனே இறுக வேண்டும். இறுகுமுன் கொஞ்சம் நழுவினாலும், இறுகிய பின் அழுத்தினால் நழுவினாலும் அது தேறாது.

மேக்னட்டை எடுக்க அதற்கான புல்லர் வேண்டும். உளியும் சுத்தியலும் கொண்டு நெம்ப வரும் பட்டறையிலிருந்து வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள். கிராங்க் முனை அடிபட்டால் செலவு எங்கேயோ போய்விடும். எடுத்த பிறகு, ஸ்பிராக்கின் சின்ன உலோகத் துண்டுகளைச் சுற்றி ஓடும் ஸ்பிரிங் அறுந்திருக்கிறதா, துண்டுகளின் முனை மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அவை உட்காரும் பல்சக்கரத்தின் கழுத்துப் பகுதி. அது கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க வேண்டும். வரிகள், குழிகள், சூட்டில் நீலம் பாய்ந்த நிறம் இருந்தால் அந்தப் பல்சக்கரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். காசு மிச்சம் பிடிக்க ஸ்பிராக்கை மட்டும் மாற்றி, பழைய கழுத்தோடு ஓடவிட்டால் புதியதையும் அது தின்றுவிடும்.

ஸ்பிராக்குக்குத் திசை உண்டு. தலைகீழாகப் போட்டால் புது சாமானும் வழுக்கத்தான் செய்யும். மூடுமுன் கையால் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஸ்பிராக்கைப் பிடிக்கும் ஸ்குரூக்களுக்குத் திரெட் லாக்கர் (தளராமல் பிடிக்கும் பசை) தடவி, சர்வீஸ் புத்தகம் சொல்லும் டார்க் (முறுக்கு) அளவில் இறுக்க வேண்டும்.

"டமார்!" என்று ஓர் அடி

செல்ஃப் அடித்ததும் இன்ஜின் அரைச் சுற்று சுற்றி, யாரோ சம்மட்டியால் கவரை அடித்தது போல ஒரு சத்தம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: அந்தச் சத்தம் கேட்ட வண்டியில் அடுத்த தடவை செல்ஃப் அடிக்காதீர்கள். கிக்கர் இருந்தால் அதில் ஸ்டார்ட் செய்யுங்கள், காரணம் தெரியும் வரைக்கும்.

நடப்பது இதுதான். பிஸ்டன் மேலே ஏறி உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே பிளக்கில் பொறி வரும். இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது அந்த உந்துதலில் பிஸ்டன் உச்சியைத் தாண்டிவிடும். பேட்டரி பலவீனமாகி மோட்டார் மெதுவாகச் சுற்றினால், பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே எரிந்த வாயு அதைக் கீழே தள்ளிவிடும். கிராங்க் பின்னோக்கிச் சுழலும். கிக்கர் காலைத் திருப்பி அடிப்பதும் இதே காரணத்தால்தான். இப்போது ஸ்பிராக்கை நினைத்துப் பாருங்கள். கிராங்க் முன்னே வேகமாகப் போனால் விட்டுவிடும் அது, கிராங்க் பின்னே போனால் விடாது, இறுகும். அந்த வெடிப்பின் முழு அடியும் ஸ்பிராக்கில், இடைப் பல்சக்கரத்தில், மோட்டார் பல்லில் இறங்குகிறது. 499 சிசி ஒற்றை சிலிண்டரின் அடி என்பது லேசுப்பட்டதில்லை.

ஆகவே "உய்ய்ங்" சத்தத்தில் பார்த்த ஸ்பிராக் சாவுகளுக்குப் பெரும்பாலும் வேர் பேட்டரியில்தான் இருக்கிறது. ஸ்பிராக்கை மாற்றிவிட்டு அதே சோர்ந்த பேட்டரியோடு வண்டியைக் கொடுத்தால் மீண்டும் அதே பட்டறைக்குத்தான் வர வேண்டும்.

பேட்டரி நன்றாக இருந்தும் அடி விழுந்தால் வேறு இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். ஒன்று, ஓட்டுகிறவரின் கை. பட்டனைச் சட்டென்று தொட்டு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது மோட்டாரின் உதவி நின்றுபோனால் இன்ஜின் பின்னால் உருளும். இன்ஜின் பிடிக்கும் வரை பட்டனை அழுத்திப் பிடித்து, பிடித்ததும் விட வேண்டும். ஐந்து விநாடிக்குள் பிடிக்கவில்லை என்றால் விட்டு, அரை நிமிடம் ஆறவிட்டு மறுபடியும். இன்ஜெக்ஷன் வண்டியில் சாவி போட்டதும் பெட்ரோல் பம்ப் ஓடி நிற்கும் வரை காத்திருங்கள்.

இரண்டாவது, தானியங்கி டிகம்ப்ரஸர். எக்சாஸ்ட் வால்வைத் திறக்கும் கேமில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. ஸ்டார்ட் ஆகும் வேகத்தில் எக்சாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிக் காற்றை வெளியேவிட்டு, மோட்டாரின் சுமையைக் குறைக்கும். அதன் ஸ்பிரிங் உடைந்தாலோ அது ஒட்டிக்கொண்டாலோ மோட்டார் முழு கம்ப்ரஷனோடு மல்லுக்கு நிற்க வேண்டிவரும். முழு சார்ஜ் பேட்டரி, நல்ல வயர், ஆனாலும் ஒவ்வொரு சுற்றிலும் "ம்ம்ம்... ம்ம்ம்" என்று முக்கித் திணறிச் சுற்றினால் வலது பக்கம் கேம் அறையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்ஜினை அணைக்கும்போது வரும் ஒற்றைக் "கடக்" இதில் சேராது. இன்ஜின் நிற்கும் நொடியில் கம்ப்ரஷன் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுகிறது, ஸ்பிராக் இறுகி மோட்டாரையும் சேர்த்து இழுக்கிறது. லேசாக, எப்போதாவது வந்தால் விட்டுவிடலாம். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனால் பல்சக்கரங்களைப் பாருங்கள்.

"கரகர", "கிர்ர்ர்" என்று அரைக்கும் சத்தம்

இன்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட்டும் ஆகிறது, ஆனால் சுற்றும்போது அரைக்கிறது. ஒரு நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை மோட்டாரின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டி வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். அப்புறம் இடது கவரில் வைத்துக் கேளுங்கள். எங்கே பலமாகக் கேட்கிறதோ அங்கே வேலை.

மோட்டாரில் கேட்டால் அதைத் தனியாகக் கழற்றிப் பார்க்கலாம், கவரைத் திறக்க வேண்டியதில்லை. அதற்கு முன் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். வெளியே எடுத்ததும் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் உள்ளே சுழலும் பகுதி) ஒரு பக்கம் சாய்ந்து காந்தத்தில் உரசும். திறந்தால் உரசிய தடம் பளிச்சென்று தெரியும். உள்ளே கரியும் ஆயிலும் கலந்த சேறு இருந்தால் முன்பக்க ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் பிரஷை மட்டும் மாற்றினால் புது பிரஷும் ஆயிலில் ஊறிவிடும். மோட்டாரை வைஸில் பிடித்து, சுமையில்லாமல் ஓட்டிப் பார்ப்பது சத்தத்தைக் கேட்க உதவும். பலத்தை அது சொல்லாது. சுமையில்லாமல் எந்த மோட்டாரும் துள்ளும்.

கவரில் கேட்டால், மேலே சொன்ன "டமார்" எப்போதாவது நடந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல் முனை உடைந்திருக்கலாம். ஒரு சுற்றுக்கு ஒருமுறை "டிக்" என்று தவறாமல் வந்தால் ஒரு பல்தான். தொடர்ந்து அரைத்தால் இடைப் பல்சக்கரத்தின் ஷாஃப்ட் தேய்ந்திருக்கலாம். ஆயிலை இறக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். உலோகச் செதில் கிடைத்தால் கவரைத் திறந்தே ஆக வேண்டும். அந்த ஆயில்தான் கிராங்க் பேரிங்குக்கும் போகிறது.

இன்ஜின் ஓடிய பிறகும் நிற்காத கீச்சொலி

இரண்டு விதம் இருக்கிறது, இரண்டும் அவசரம்தான். பட்டனை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்து, கில் ஸ்விட்சைப் போட்டாலும் இன்ஜினைச் சுற்றவைத்துக்கொண்டே இருந்தால் ரிலேயின் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டது. சாவியை எடுத்தாலும் நிற்காது, ஏனென்றால் அந்தத் தடித்த வயர் சாவி வழியாகப் போவதில்லை. பேட்டரி மைனஸ் வயரை உடனே கழற்றுங்கள். அதற்கான ஸ்பேனர் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும். ரிலே ஒட்டிக்கொள்வதும் பெரும்பாலும் பலவீனமான பேட்டரியோடு திரும்பத் திரும்ப "டக டக" அடித்ததன் விளைவு.

ரிலே விட்டுவிட்டது, மோட்டார் வயரில் மின்சாரம் இல்லை, ஆனாலும் இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து சத்தம் ஏறி இறங்குகிறது என்றால் ஸ்பிராக் விடவில்லை. இன்ஜின் மோட்டாரைச் சுற்றவைக்கிறது, அதுவும் மோட்டார் தாங்காத வேகத்தில். அணைத்துவிட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள்.

ஸ்லோவில் மட்டும் "கிலுகிலு"

ஸ்டார்ட்டில் ஒன்றும் இல்லை, ஸ்லோவில் இடது பக்கம் கிலுகிலுக்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மறைகிறது. பிரைமரி செயினும் அதன் டென்ஷனரும் இப்படிச் சத்தம் தரும். ஸ்பிராக்கைப் பிடிக்கும் ஸ்குரூ தளர்ந்தாலும் இதே சத்தம் வரும். கிளட்ச் லீவரைப் பிடித்ததும் மாறினால் கிளட்ச் பக்கம். மாறாமல் நாளுக்கு நாள் வளர்ந்தால் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் கவரைத் திறந்து மேக்னட் நட்டையும் அந்த ஸ்குரூக்களையும் பாருங்கள். தளர்ந்த ஸ்குரூ மேலும் வெளியே வந்தால் மேக்னட் காயிலைக் கிழித்துவிடும்.

கவரைத் திறந்து வேலை பார்த்த வண்டிக்குப் புது பேக்கிங், புது ஆயில், புது ஃபில்டர் கண்டிப்பாக வேண்டும். ஸ்பிராக் உடைந்திருந்தால் இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் வலையையும் கழற்றிக் கழுவி, எல்லாத் துண்டும் கிடைத்ததா என்று எண்ணிப் பார்த்த பிறகே மூடச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட வண்டியில் முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலை ஒருமுறை மாற்றி, அதையும் வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள்.